உடலுக்குள் ஓடும் மின்னோட்டம்

வேலை எதுவும் செய்யாமல் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்திருக்கும் ஒருவர், அறுபது கிலோ எடையுள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் உடல் வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 90 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்கு ஒப்பானது இது. ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் 1.5 வாட் வரும். இதே கணக்கைச் சூரியனுக்கும் போட்டுப் பார்க்கலாம். சூரியன் வெளியிடும் மொத்த ஆற்றலை அதன் பொருண்மையால் வகுத்தால், ஒரு கிலோவுக்குக் கிடைப்பது 0.0002 வாட்தான். எடைக்கு எடை பார்த்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் சூரியனைவிட ஏழாயிரம் மடங்குக்கு மேல் ஆற்றல் வெளியிடுகிறார்!

சூரியன் பெரிது, அதனால்தான் அது சுடுகிறது. நாம் சிறியவர்கள், அதனால் எரிந்துபோகாமல் இருக்கிறோம். அது கிடக்கட்டும். நம் உடலில் இவ்வளவு ஆற்றல் எங்கே, எப்படிப் பிறக்கிறது? 'உணவிலிருந்து' என்பது பாதி விடைதான். அரிசியை அடுப்பில் போட்டு எரித்தாலும் அதே ஆற்றல் வரும். ஆனால் அடுப்பால் ஓடவோ, பாடவோ, கணக்குப் போடவோ முடியாதே.

மீதிப் பாதி விடை, நம் உயிரணுக்களுக்குள் கிடக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளில் இருக்கிறது. 1898-இல் ஜெர்மானியர் கார்ல் பெண்டா, நுண்ணோக்கியில் நூல்போலவும் மணிபோலவும் தெரிந்த இவற்றுக்கு, நூல், மணி என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இப்பெயரை வைத்தார். தமிழில் 'இழைமணி' என்கிறோம். கலைச்சொற்களில் இவ்வளவு அழகாக அமைந்தவை சிலவே. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இதன் பருமன். ஈரலின் உயிரணு ஒன்றில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். இதயத் தசையின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவையே. இரத்தச் சிவப்பணுக்களில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் கூலியாள் அதைத் தின்றுவிடக் கூடாது அல்லவா!

இழைமணியை 'உயிரணுவின் மின்நிலையம்' என்று பாடநூல்கள் எழுதுகின்றன. உவமை என்று நினைத்து மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். நான் இயற்பியல் கற்பிப்பவன். எனக்கு இதில் வியப்பளிப்பது, அது உவமையே அன்று என்பதுதான். அங்கே மெய்யாகவே மின்னோட்டம் ஓடுகிறது. அதை வோல்ட்டிலும் ஆம்பியரிலும் அளக்கலாம்.

எலெக்ட்ரான்களின் இறக்கம்

இழைமணிக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வு வழவழப்பானது. உட்சவ்வு மடிப்பு மடிப்பாக உள்நோக்கிச் சுருங்கியிருக்கும். நாடகம் முழுவதும் இந்த உட்சவ்வில்தான் நடக்கிறது.

நாம் உண்ட மாவுப்பொருளும் கொழுப்பும் பல படிகளில் சிதைக்கப்பட்டு, அவற்றிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. அவை உட்சவ்வில் பதிந்திருக்கும் புரதக் கூட்டங்களின் வழியே ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிச் சென்று, கடைசியில் நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜனைச் சேர்கின்றன. ஆக்சிஜன் நீராக மாறுகிறது. நாம் மூச்சு விடுவதே, இந்த எலெக்ட்ரான்கள் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான்! சயனைடு என்ன செய்கிறது என்றால், இந்த வரிசையின் கடைசிப் புரதத்தை அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும். ஆனால் அதைப் பயன்படுத்த வழியிராது. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சுருண்டு விழுவதைக் கண்ட விவசாயிகள் உண்டு. அந்தப் பயிரில் உண்டாகும் சயனைடு செய்யும் வேலை அது.

தொடக்கத்திலிருந்து ஆக்சிஜன் வரை எலெக்ட்ரான் இறங்கும் மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ 1.1 வோல்ட். டார்ச் விளக்கில் போடும் மின்கலத்தின் 1.5 வோல்ட்டைவிடச் சற்றுக் குறைவு. 90 வாட்டை 1.1 வோல்ட்டால் வகுத்தால் 80 ஆம்பியருக்கு மேல் வருகிறது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி எடுப்பது மூன்று, நான்கு ஆம்பியர்தான். உடலின் கோடானுகோடி இழைமணிகளில் ஓடும் எலெக்ட்ரான் ஓட்டம் அனைத்தையும் கூட்டினால் அது 80 ஆம்பியர்!

இந்த இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றல் என்ன ஆகிறது? உயிரணுவின் செலாவணிப் பணம் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு. தசை சுருங்கவும் நரம்பு செய்தி அனுப்பவும் அதைத்தான் செலவழிக்க வேண்டும். ஒரு நாளில் நம் உடல் ஏறத்தாழத் தன் எடை அளவுக்கு ஏ.டி.பி.யை ஆக்கி அழிக்கிறது. கையிருப்போ இதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்றாடம் காய்ச்சியின் பிழைப்புதான். உற்பத்தி சில நிமிடங்கள் நின்றால் மூளை மாண்டுபோகிறது.

எலெக்ட்ரான் இறக்கத்திற்கும் ஏ.டி.பி. உற்பத்திக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு எது? 1950-களில் உயிர்வேதியியலாரை வாட்டிய கேள்வி இது. உயர் ஆற்றல் கொண்ட ஏதோ ஒரு வேதிப்பொருள் இடையில் தோன்றி மறைகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். சிறந்த ஆய்வுக்கூடங்கள் அதைத் தேடின. ஆண்டுக்கணக்கில் தேடியும் அது அகப்படவில்லை.

1961-இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர், அப்படி ஒரு பொருளே கிடையாது என்று எழுதினார். எலெக்ட்ரான்கள் இறங்கும்போது அந்தப் புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு இறைக்கின்றன. அணையில் நீர் தேங்குவதுபோல் வெளிப்பக்கம் புரோட்டான்கள் தேங்குகின்றன. அவை திரும்பி வரும் வழியில்தான் ஏ.டி.பி. உண்டாகிறது. இணைப்பாக இருப்பது மூலக்கூறு அன்று, மின்னழுத்தம்! இதுவே அவர் கொள்கை.

பலர் இதை ஏற்கவில்லை. வயிற்றுப்புண்ணால் அவதிப்பட்ட மிட்செல், 1963-இல் எடின்பரோ பல்கலைக்கழக வேலையை விட்டு விலகினார். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் பகுதியில் பாழடைந்து கிடந்த 'கிளின் ஹவுஸ்' என்ற மாளிகையைச் செப்பனிட்டு, அங்கேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஜெனிஃபர் மாயில் என்ற அம்மையார் உடனிருந்து சோதனைகளை நடத்தினார். பெரிய நிறுவனமும் இல்லை, பெரிய குழுவும் இல்லை.

கொள்கைக்கு வலுச் சேர்த்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஈஃப்ரைம் ராக்கரும் வால்தர் ஸ்டோகீனியசும் 1974-இல் வெளியிட்டது. உப்பளத்தில் வாழும் நுண்ணுயிர் ஒன்றில், ஒளி பட்டால் புரோட்டானை இறைக்கும் ஊதா நிறப் புரதம் உண்டு. அதையும், மாட்டின் இதய இழைமணியிலிருந்து பிரித்த ஏ.டி.பி. ஆக்கும் நொதியையும், சோயாவிலிருந்து எடுத்த கொழுப்பால் செய்த நுண்குமிழ்களில் பதித்தார்கள். விளக்கைப் போட்டதும் ஏ.டி.பி. உண்டாயிற்று! நுண்ணுயிர், மாடு, சோயா மூன்றும் இயற்கையில் ஒருபோதும் ஒன்றுசேராதவை. அவற்றுக்கிடையே பொதுவான வேதிப்பொருள் எதையும் தேட இடமில்லை. அவற்றை இணைத்தது சவ்வின் இருபுறமும் இருந்த புரோட்டான் வேறுபாடு ஒன்றே. 1978-இல் மிட்செலுக்கு வேதியியல் நோபல் பரிசு தனியாகவே அளிக்கப்பட்டது.

இழைமணிச் சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ 0.15 வோல்ட். இதென்ன பிரமாதம் என்று தோன்றலாம். ஆனால் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான்! தடிமனால் வகுத்தால் மின்புலம் மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட் ஆகிறது. காற்றில் மின்பொறி பறக்க முப்பது லட்சம் வோல்ட் போதும். அதைப்போல் பத்து மடங்கு மின்புலத்தை, கொழுப்பாலான ஒரு மெல்லிய படலம் நாள் முழுவதும் தாங்கி நிற்கிறது.

"அப்படியானால் நமக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை?" என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி. இழைமணிகள் மின்கலங்களைப்போல் தொடராக இணைக்கப்பட்டிருந்தால் அடிக்கும். மின்விலாங்கு தன் உடலில் மின்னணுக்களை ஆயிரக்கணக்கில் தொடராக அடுக்கி 600 வோல்ட் வரை உண்டாக்குகிறது. இழைமணிகளோ தனித்தனியே மூடிய பைகள். எத்தனை கோடி இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் 0.15 வோல்ட்டோடு நின்றுவிடும்.

திரும்பி வரும் புரோட்டான்கள் ஏ.டி.பி.யை எப்படி ஆக்குகின்றன? சுழலியைச் சுற்றித்தான்! சவ்வில் பதிந்திருக்கும் நொதியின் ஒரு பகுதி, புரோட்டான்கள் நுழைய நுழையச் சக்கரம்போல் சுழல்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. உருவாகின்றன. அமெரிக்கரான பால் பாயர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கருதினார். இங்கிலாந்தின் ஜான் வாக்கர் அதன் வடிவத்தைக் கண்டு காட்டினார். 1997-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பாக்டீரியா ஒன்றிலிருந்து எடுத்த இந்த நொதியைக் கண்ணாடியில் ஒட்டி, அதன் அச்சில் புரத இழை ஒன்றைக் கட்டி, ஏ.டி.பி.யைக் கொடுத்துப் பின்னோக்கி ஓட்டினார்கள். இழை சுற்றுவதை நுண்ணோக்கியின் கீழ்ப் படமெடுத்தே காட்டிவிட்டார்கள்.

அணையில் ஓட்டை

அணையில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? நீர் சுழலிக்குள் போகாமல் வீணே வழியும். இழைமணியில் அப்படி நேர்ந்தால் எலெக்ட்ரான்கள் முன்னைவிட வேகமாக ஓடும், உணவு எரியும், ஆனால் ஏ.டி.பி. வராது, வெப்பம் மட்டுமே வரும்.

முதல் உலகப் போரின்போது பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற மஞ்சள் நிறப் பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தார்கள், ஓயாமல் வியர்த்தார்கள், சிலர் கடுங்காய்ச்சல் கண்டு இறந்தும் போனார்கள். 1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கட்டிங், டெயின்டர் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள், இதைச் சிறு அளவில் கொடுத்தால் உடல் எடை குறைகிறது என்று கண்டார்கள். செய்தி பரவியது. சிரமமின்றி மெலிய விரும்பிய பல்லாயிரம் பேர் அதை வாங்கி விழுங்கினார்கள். எடை குறைந்தது உண்மை. பலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. சிலர் உடல் கொதித்து மாண்டார்கள். 1938-இல் அமெரிக்காவில் வந்த புதிய சட்டத்தோடு அதன் மருந்து வாழ்வு முடிந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மிட்செலின் கொள்கை அதை ஒரு வரியில் விளக்கிவிட்டது: அது கொழுப்பில் கரையக்கூடிய ஒரு மென்அமிலம், ஒரு புரோட்டானைத் தூக்கிக்கொண்டு சவ்வைக் கடந்து உள்ளே விட்டுவிட்டு, அடுத்ததற்காகத் திரும்பி வருகிறது. சுருங்கச் சொன்னால் மின்சுற்றில் குறுக்குச் சுற்று ஏற்படுத்துகிறது. குறுக்குச் சுற்றுக்கு ஃப்யூஸ் போடலாம். இதற்குப் போட முடியாது. உண்டாகும் வெப்பத்துக்கு மேல்வரம்பு இல்லை. நஞ்சை முறிக்க மாற்று மருந்தும் இல்லை. மருந்துக்கும் நஞ்சுக்கும் உள்ள இடைவெளியோ மிகக் குறுகியது. இவ்வளவு தெரிந்த பிறகும், 'கொழுப்பைக் கரைக்கும்' பொருள் என்று இணையத்தில் இதைக் கள்ளத்தனமாக விற்கிறார்கள். பிரிட்டனில் இளைஞர் பலர் இதனால் இறந்ததையடுத்து 2023 அக்டோபரில் இது கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது மஞ்சள் தூளையோ மாத்திரையையோ நீட்டினால், அது எந்தச் சவ்வில் ஓட்டை போடும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இயற்கையும் இதே ஓட்டையைப் பயன்படுத்துகிறது. ஆனால் திறக்கவும் மூடவும் தெரிந்து பயன்படுத்துகிறது. பச்சிளங்குழந்தைகள் குளிரில் நடுங்குவதில்லை. அவர்கள் கழுத்திலும் தோள்பட்டைகளுக்கிடையிலும் பழுப்புக் கொழுப்பு என்ற திசு உண்டு. அதன் இழைமணிச் சவ்வில் புரோட்டான்களை வெறுமனே உள்ளே விடுவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. குளிர்ந்தால் மடை திறக்கும், உடல் சூடேறும்.

மடை மூடாமலே இருந்த ஒருவரைப் பற்றி 1962-இல் சுவீடனிலிருந்து ஒரு செய்தி வெளியாயிற்று. அந்தப் பெண்மணி எவ்வளவு உண்டாலும் மெலிந்தே இருந்தார். எப்போதும் வியர்த்துக் கொட்டியது. தைராய்டில் குறை இல்லை. ரால்ஃப் லுஃப்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் தசையை எடுத்துச் சோதித்தபோது, இழைமணிகள் ஏ.டி.பி. தேவைப்படாத வேளையிலும் உணவை எரித்துக்கொண்டே இருந்தன. இழைமணிக் கோளாறு ஒரு நோயாகக் காணப்பட்டது அதுவே முதல்முறை.

தாய்வழிச் சொத்து

பெரும்பாலான இழைமணி நோய்களுக்குக் காரணம் மரபுப்பொருளில் இருக்கிறது. இழைமணி ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா என்றும், வேறோர் உயிரணுவுக்குள் புகுந்து நிலையாகத் தங்கிவிட்டது என்றும் லின் மார்குலிஸ் 1967-இல் வாதிட்டார். இன்று அது ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. அந்தப் பழைய வாழ்வின் மிச்சமாக இழைமணிக்குள் தனியாக ஒரு டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. 1981-இல் கேம்பிரிட்ஜில் அதை முழுவதுமாகப் படித்துவிட்டார்கள். 16,569 எழுத்துகள்; 37 மரபணுக்கள்.

இந்த வளையம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. நம் உறவுமுறைகளில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். உங்கள் தாய்மாமனுக்கும் உங்களுக்கும் இது ஒன்றே. ஆனால் மாமன் மகளுக்கு அவள் தாயினுடையது. பெரியம்மா, சித்தி பிள்ளைகள் உங்களோடு பங்காளிகள். சித்தப்பா பிள்ளைகள் அல்லர்.

'லீபர் நோய்' என்று ஒன்று உண்டு. நன்றாகப் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருக்கும் இளைஞருக்கு, வலியில்லாமல் ஒரு கண்ணின் நடுப்பார்வை மங்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ மறு கண்ணும் மங்கும். 16,569 எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் இது வருகிறது என்று 1988-இல் டக்ளஸ் வாலஸ் குழுவினர் கண்டனர். பார்வை நரம்புக்கு மின்செலவு அதிகம். மின்தட்டுப்பாடு அங்கேதான் முதலில் தெரிகிறது. மூளை, இதயம், தசை, செவி ஆகியவையும் அப்படியே.

இவ்வகை நோய்கள் சிலவற்றில் ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவர் படுத்த படுக்கையாகவும் இன்னொருவர் நலமாகவும் இருப்பதுண்டு. ஓர் உயிரணுவில் பழுதான வளையங்களும் நல்லவையும் கலந்திருக்கும். எந்தக் கருமுட்டைக்கு எந்த விகிதம் போய்ச் சேர்கிறது என்பது சீட்டுக் குலுக்கல். விகிதம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் நோய் வெளிப்படும்.

இதைத் தடுக்க ஒரு முறை வந்துள்ளது. தாயின் கருமுட்டைக் கருவை, நல்ல இழைமணிகள் கொண்ட இன்னொரு பெண்ணின் முட்டைக்குள் மாற்றி வைக்கிறார்கள். பிரிட்டன் 2015-இல் இதைச் சட்டபூர்வமாக அனுமதித்தது. நியூகாசில் நகரில் இம்முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்த விவரம் 2025 ஜூலையில் வெளியாயிற்று. செய்தித்தாள்கள் 'மூன்று பெற்றோரின் குழந்தை' என்று தலைப்புப் போட்டன. மூன்றாமவர் தந்தது ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்களில் 37. அவரைப் பெற்றோர் என்பது சற்று மிகை.

முதுமை எங்கிருந்து?

எலெக்ட்ரான்கள் எல்லாமே ஒழுங்காகக் கடைசிப்படி வரை போவதில்லை. சில வழியிலேயே நழுவி, அருகிலுள்ள ஆக்சிஜன்மேல் தொற்றிக்கொள்கின்றன. அப்போது தோன்றுபவைதான் 'ஃப்ரீ ராடிக்கல்' என்னும் துணையற்ற எலெக்ட்ரானுடைய துகள்கள். அவை அக்கம்பக்கத்திலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் டி.என்.ஏ.வையும் தாக்குகின்றன. அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன் 1956-இல் இதுவே முதுமைக்குக் காரணம் என்றார். 1972-இல் அதன் ஊற்று இழைமணியே என்று சுட்டினார்.

கேட்க மிகவும் பொருத்தமாக இருக்கிறது. எலியும் மாடப்புறாவும் எடையில் ஏறக்குறைய ஒன்று. ஆற்றல் செலவிலும் பெரிய வேறுபாடில்லை. எலி நான்கு ஆண்டு வாழ்ந்தால் அதிகம். புறா முப்பத்தைந்து ஆண்டு வாழக்கூடும். புறாவின் இழைமணியில் எலெக்ட்ரான் கசிவு குறைவு என்று அளந்து கண்டிருக்கிறார்கள்.

கசிவுதான் குற்றவாளி என்றால் அதைத் துடைக்கும் மாத்திரை போதுமே என்று வணிகர்கள் கிளம்பினார்கள். சோதனைகள் வேறுவிதமாகப் பேசின. பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! காய்கறியில் உள்ள பொருளே மாத்திரையாகும்போது நன்மை தரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பது அன்று தெரிந்தது. இன்றும் மருந்துக் கடை அலமாரிகளுக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

2004-இல் சுவீடனில் ஒரு சோதனை நடந்தது. இழைமணி டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் நொதியைத் தவறுகள் செய்யும்படி மாற்றி எலிக்குஞ்சுகளைப் பிறப்பித்தார்கள். ஆறு மாதத்திலேயே அவற்றுக்கு முடி உதிர்ந்து, முதுகு வளைந்து, எலும்பு நலிந்து, கிழத்தன்மை வந்துவிட்டது. இழைமணியின் பழுது முதுமைக் கோலத்தைக் கொண்டுவரும் என்பதற்கு இது நேரடிச் சான்று. ஆனால் அந்த எலிகளில் ஃப்ரீ ராடிக்கல் குறிப்பிடும்படி கூடியிருக்கவில்லை. இயல்பாக மூப்படைபவர்களிடம் இத்தனை பழுதுகளும் சேர்வதில்லை. ஆகவே ஹார்மனின் கொள்கை பாதி நின்றது, பாதி சாய்ந்தது. இழைமணி தளர்வது முதுமையில் ஒரு பங்கு. அது எவ்வளவு பெரிய பங்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சச்சரவிடுகிறார்கள். ஹார்மன் தாமே 98 வயது வரை வாழ்ந்து 2014-இல் காலமானார்.

மாத்திரையால் ஆகாதது ஒன்று ஓட்டத்தால் ஆகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோசி என்பவர் எலிகளை ஓடுபட்டையில் வாரம் ஐந்து நாள், மூன்று மாத அளவுக்கு ஓடவிட்டார். 1967-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, அவற்றின் தசை இழைமணிகள் ஆக்சிஜனை எரிக்கும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. தசை வேலை கேட்கும்போது உயிரணு புதிய இழைமணிகளைக் கட்டிக்கொள்கிறது. முதியவர்களிடமும் இது நடக்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

உயிரணுவுக்கு அந்தக் கட்டளையைக் கொண்டுசெல்லும் தூதர்களில், உழைக்கும்போது கசியும் அந்த ஃப்ரீ ராடிக்கல்களும் அடங்கும். 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு மட்டும் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைக் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்கு வேலை செய்யத் தொடங்கியது, மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு மட்டும்தான்.